ஐந்தை வெட்டி ஒன்றை வைத்தவர்

‘பொருந்தும்’ என்று அவர் சொல்லிப் பதினோரு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. “பாப்போம் சார்” என்பார். மாட்டி, ஓட்டி, கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிய பிறகு, “இன்னைக்குச் சேந்திருக்கு” என்பார். அப்படியானால் நாளைக்கு? “நாளைக்கும் பாப்போம் சார்.”

அவர் பிட்டர். நான் அவருக்கு மூன்று படி மேலே இருந்த கிடங்கு அதிகாரி. துறையின் பெயர் வேண்டாம். வெள்ளம் வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய துறை என்று தெரிந்தால் போதும். அதற்கு மதுரையில் ஒரு கிடங்கும், கிடங்கில் ஒன்பது படகு மோட்டார்களும் இருந்தன. ஆற்றில்தான் தண்ணீர் இல்லை. அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட வேண்டிய ஊருக்கு ஒன்பது படகு மோட்டார் எதற்கு என்று ஒவ்வொரு தணிக்கையிலும் கேட்பார்கள். “தண்ணீர் வந்த பிறகு வாங்க இயலாது” என்று நானும் ஒவ்வொரு தடவையும் எழுதுவேன். என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றில் யாரும் மறுத்துப் பேசாத வாக்கியம் அது ஒன்றுதான்.

ஒன்பது மோட்டாரும் ஒரே நாளில் பிறந்தவையல்ல. கடலோர மாவட்டங்கள் புதிது வாங்கியபோதெல்லாம் தங்கள் பழையதை எங்களுக்குத் தள்ளிவிட்டன. நான்கு கறுப்பு, மூன்று நீலம், இரண்டு பெயின்ட் முழுக்க உரிந்து எந்தக் கம்பெனி என்றே தெரியாதவை. அந்த இரண்டையும் கிடங்கில் ‘சொட்டை’ என்று கூப்பிடுவார்கள். படகின் பின்பலகையில் கவ்விக்கொண்டு தொங்கும் வகை மோட்டார்கள். தலை மேலே, தண்டு நடுவில், காத்தாடி தண்ணீருக்குள். பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு உதிரி பாகம் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் கறுப்பின் பாகம் நீலத்துக்கு ஆகுமா, நீலத்தின் பாகம் சொட்டைக்கு ஆகுமா என்பதுதான் எங்கள் கிடங்கின் நிரந்தரக் கேள்வி.

அவர் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் விதத்தை முதலில் பார்த்தபோது, வேலை நேரத்தில் உட்கார்ந்து தூங்குகிறார் என்று நினைத்தேன். ஒரே மாதிரியான இரண்டு பாகங்களை இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கை மாற்றினார். மறுபடி மாற்றினார். கட்டை விரல் மட்டும் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“என்ன, தியானமா?” என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. “கண்ணு ஏமாத்தும் சார். ரெண்டும் ஒண்ணுன்னு வெரசாச் சொல்லிரும். வெரலு கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனா பொய் சொல்லாது.”

விரலுக்கும் சந்தேகம் வந்தால் மை. ஒரு பாகத்தில் மையைத் தடவி மற்றதோடு அழுத்துவார். மை ஒட்டிய இடம் தொடுகிறது, ஒட்டாத இடம் தொடவில்லை. எளிய முறைதான். ஆனால் அந்த மை என் மேசையிலிருந்த ஸ்டாம்ப் பேடிலிருந்து போகிறது என்பதை நான் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. அதுவரை என் அலுவலக முத்திரை ஏன் எப்போதும் பாதி விழுகிறது என்று கடைக்காரரை மாற்றிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுக் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. “உங்க மைதான் சார் காயாம இருக்கு” என்றார். புகாருக்கு நடுவில் ஒரு பாராட்டு வைப்பது எப்படி என்று எங்கே படித்தாரோ தெரியாது.

எழுமலைப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். குடும்பத்தில் ஐ.டி.ஐ. முடித்து அரசு வேலைக்கு வந்த முதல் ஆள் இவர். இதைப் பற்றி அவராகப் பேசியதில்லை. ஆனால் வேலையைப் பார்க்காமலேயே யாராவது, “அண்ணே செஞ்சா நல்லாத்தான் இருக்கும்” என்றால் முகம் சுருங்கிவிடும். ஓட்டிப் பார்த்துவிட்டு “சுமார்தான்” என்று சொன்னால்கூடச் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார். எங்கள் படகு டிரைவர் பாண்டிக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. “இந்த மனுசன்கிட்ட நல்ல வார்த்தை சொன்னாக் கோவம் வருது, குத்தம் சொன்னா டீ வாங்கித் தராரு” என்பான்.

ஓடும் மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை உண்டு. பம்பு கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிரவைக்கும்போது, அதில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக நூல் மாதிரி வெளியே பீய்ச்சும். தண்ணீர் வந்தால் எஞ்சின் நலம். வராவிட்டால் எஞ்சின் சூடேறிச் செத்துக்கொண்டிருக்கிறது. கிடங்கில் இதற்கு வைத்திருந்த பெயரை அச்சில் போட முடியாது. சின்னப் பிள்ளைகள் செய்வது போலிருக்கும் என்று மட்டும் சொல்லலாம். அவர் அந்த நூலுக்குக் கீழே புறங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தண்ணீர் வருகிறதா என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சூடாக வருகிறது என்பதுதான் அவர் கவலை.

அவர் மகள் நர்ஸ் வேலைக்குப் போன வருடம் தரகர் ஒருவர் கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டார். உசிலம்பட்டியில் நல்ல இடம், மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் வேலை.

“ஜாதகம் பாத்தாச்சுண்ணே. பத்துக்கு எட்டுப் பொருத்தம். இதுக்கு மேல என்ன வேணும்?”

“பொருந்தாத ரெண்டு எதுங்க?” என்றார் இவர்.

“அட, அதை எதுக்குண்ணே கிளறிக்கிட்டு? எட்டு இருக்குல்ல!”

“எட்டு தானா ஓடிரும். ரெண்டத்தான நாங்க பாத்துக்கிறணும்.”

தரகர் ஜோசியரிடம் கேட்டு வந்து இரண்டு பெயரைச் சொன்னார். சந்தை நாளில் இவரே பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். மறுநாள் என்னிடம் சொன்னார்: “சோசியரு சொன்ன ரெண்டு எனக்கு வெளங்கல சார். நானா ரெண்டு கண்டுபுடிச்சிட்டேன். பயலுக்குக் கோவம் வந்தாத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போறான். அதைப் பாத்து அவங்க அம்மா சிரிக்குது. மகக்கிட்ட ரெண்டையும் சொல்லிட்டேன்.”

“பொண்ணு என்ன சொல்லுச்சு?”

“‘அம்புட்டுத்தானா? நான் பாத்துக்கிறேன்’னுட்டா.”

கல்யாணம் நடந்தது. இப்போது அந்த வீட்டில் தட்டு நகர்வதில்லை என்று கேள்வி.

இனி என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய படகு மோட்டார்களின் பாகங்களில் எவை எவற்றுக்கு மாற்றாகும் என்று பட்டியல் தயாரித்து அனுப்ப வேண்டும். இந்த மாதிரி வேலைக்காகவே பிறந்தவன் நான். ஐந்து கம்பெனிப் புத்தகங்கள், ஒரு பூதக்கண்ணாடி, மூன்று வாரம். நாற்பத்து மூன்று வரிசை, ஆறு பத்தி. பாகத்தின் எண், பழைய எண், எண் மாறிய காரணம், குறுக்களவு, தண்டோடு பூட்டும் சாவித் துளையின் அகலம் எல்லாம் உண்டு. பார்த்தவர்கள் அச்சுக் கோத்த மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

முறைப்படி பிட்டரின் கருத்தையும் கேட்டிருந்தேன். அவர் கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். பூராவும் பொருந்தாத பாகங்கள்.

“கேட்டது மாற்றாகும் பாகங்கள். தாங்கள் அளித்திருப்பது மாற்றாகாத பாகங்கள். சரிசெய்து மீளச் சமர்ப்பிக்கவும்” என்று எழுதித் திருப்பினேன். அவர் தாளோடு நேரில் வந்தார்.

“சார், பொருந்துறதை எவனும் கண்டுபுடிச்சிருவான். சுத்தமாப் பொருந்தாதது மாட்டவே மாட்டாது. அதுலயும் பயமில்லை. பொருந்துற மாதிரி இருக்கும் பாருங்க, அதுதான் ஆளக் கொல்லும்.”

“உதாரணம்?”

“நீலத்துக் காத்தாடியைக் கறுப்புல போட்டுப் பாருங்க. இதுலயும் பதிமூணு பல்லு, அதுலயும் பதிமூணு பல்லு. வழுக்கிக்கிட்டு உள்ள போகும். ஆனா ஒரு நூல் முன்னாடியே நின்னுரும். பின்னு போடுற ஓட்டை பாதிதான் தெரியும். அவசரத்துல பாதி ஓட்டையிலயே பின்னைத் தட்டி ஏத்திட்டுப் போவாங்க. நடுத் தண்ணியில காத்தாடி கழண்டு முங்கிரும். படகுல பிள்ளைகுட்டியோட பத்துப் பேரு இருப்பாங்க.”

காத்தாடி என் பட்டியலில் இல்லை. அதனால் அவர் சொன்னதை ஒரு பொது அறிவாக ஏற்றுக்கொண்டு பட்டியலை அனுப்பிவிட்டேன். அது அங்கீகாரமாகித் திரும்பியது. மாநிலம் முழுவதற்கும் அனுப்பப் போகிறோம், முதலில் உங்கள் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்துங்கள் என்றார்கள். பட்டியல்படி பாகங்களும் வந்து இறங்கின.

பதினேழாவது வரிசை: பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர். ஆறு இதழ் வைத்த ரப்பர்ப் பூ மாதிரி இருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும். கறுப்புக்கு உரியது கிடைப்பதில்லை, அதற்கு மாற்றாக வேறொரு மாடலினுடையதைப் போடலாம் என்று நான் எழுதியிருந்தேன். குறுக்களவு ஒன்று. சாவித் துளை ஒன்று. இதழ்களின் எண்ணிக்கை ஒன்று. ஆறு பூக்கள் வந்தன.

ஒரு வாரம் கழித்துக் கிடங்கைச் சரிபார்க்கப் போனேன். ஆறில் ஐந்தில் ஒவ்வொரு இதழ் இல்லை. யாரோ பிளேடால் அடியோடு அறுத்திருந்தார்கள். யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவரே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“நான்தான் சார் வெட்டினேன்.”

“அரசாங்கப் பொருள்யா இது!”

“ஆமா சார். அதான் வேற யாரும் மாட்டிரக் கூடாதுன்னு வெட்டினேன். கனம் ஒரு மில்லி கம்மி. கண்ணுக்குத் தெரியாது. கறுப்புல போட்டாப் பம்பு மேல்தட்டுக்கும் பூவுக்கும் நடுவுல சந்து விழுகுது. தண்ணி சரியா ஏறாது.”

“பாகம் கொண்டுவந்தவர்கள் தொட்டியில் வைத்து ஓட்டிக் காட்டினார்களே, நன்றாகத்தானே பீய்ச்சியது?”

“தொட்டியில பீச்சும் சார். தொட்டியில பம்பு முங்கியே கெடக்குது. தண்ணி தானா உள்ள போயிரும். படகு வேகம் எடுத்தா முன்பக்கம் எந்திரிச்சு, அப்புறம் மொத்தமா மெதக்கும். அப்பப் பம்பு தண்ணிக்கு மேல நிக்கும். உறிஞ்சணும். இது ரொம்ப நேரம் உறிஞ்சாது.”

“உறிஞ்சாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மாட்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டீர்களே?”

வெட்டிய பூ ஒன்றை எடுத்து விளிம்பைத் தடவினார். “வெரலுக்குத் தெரியுது. ஓட்டிப் பாக்கத் தண்ணி இல்லை சார். ஆனா நான் லீவுல இருக்கிற அன்னைக்குத் தண்ணி வந்துரும்.”

“பூட்டி வைத்திருக்கலாம். எழுதிக் கொடுத்திருக்கலாம்.”

“எழுதிக் குடுத்தேன் சார். அந்த ரெண்டு பக்கத்துல ஒம்பதாவது அதுதான்.”

நான் திருப்பி அனுப்பிய தாள். அதை நான் முழுதாகப் படிக்கவே இல்லை.

இதன் பிறகு நான் செய்ததை இன்றைக்கும் நியாயப்படுத்த முடியும். விதிகள் அப்படி. செய்ததற்குப் பெருமைப்பட முடியாது, அவ்வளவுதான். அரசுப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அவருக்குப் போர்மேன் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. குறிப்பாணை நிலுவையில் இருந்தால் வராது. ஓய்வு பெறவும் அவருக்கு அதிகக் காலம் இல்லை. இது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இன்னொன்றும் எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் சொல்வது சரியானால் பதினேழாவது வரிசை மாநிலம் முழுக்கப் போகக் கூடாது. அது நின்றால் என் பட்டியலும் நிற்கும்.

விளக்கம் மூன்று வரியில் வந்தது. “ஐந்தை நான்தான் வெட்டினேன். ஒன்றை வெட்டாமல் வைத்திருக்கிறேன். அதைக் கறுப்பில் மாட்டிக் கண்மாயில் ஓட்டினால் இருபத்தைந்து நிமிடம் ஓடும், பிறகு நிற்கும்.”

“ஏன் ஒன்றை மட்டும் வைத்தீர்கள்?” என்று கேட்டேன்.

“நீங்க கேப்பீங்கன்னு தெரியும் சார்.”

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. உசிலம்பட்டி ரோட்டில் ஒரு பெரிய கண்மாய் நிறைந்திருந்தது. செயல்முறை விளக்கம் என்று கோப்பில் எழுதி நாள் குறித்தேன். படகில் மூன்று பேர்: பாண்டி ஓட்ட, அவர் மோட்டார் பக்கத்தில், நான் கடிகாரத்தோடு நடுவில். எனக்கு நீச்சல் தெரியாது. பாதுகாப்பு அங்கியை விதிப்படி எல்லா வாரையும் இழுத்துக் கட்டிக்கொண்டேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தது.

“என்னண்ணே, இடுப்பளவு தண்ணியில கப்பல் விடுறீங்க?”

“ஆழம் இருக்குத்தா” என்றான் பாண்டி.

“எனக்குத் தெரியாத ஆழமா? நடுவுலதான் ரெண்டாள் மட்டம். அங்க மட்டும் சாரை எறக்கிறாதீங்க.”

படகு வேகமெடுத்தது. முன்பக்கம் எழுந்து, படிந்து, தண்ணீரை லேசாகத் தொட்டுக்கொண்டு பறந்தது. பக்கத் துளையில் தண்ணீர் நன்றாகவே பீய்ச்சியது. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். நான் அவரைப் பார்த்தேன். அவர் புறங்கையை நீட்டியபடி இருந்தார். மனதுக்குள் பட்டியலின் நாற்பத்து மூன்று வரிசையும் நிமிர்ந்து நின்றன.

பதினோராவது நிமிடத்தில், “கையை வையுங்க சார்” என்றார்.

வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

பதினைந்தாவது நிமிடத்தில் சுட்டது. நூல் மெலிந்துவிட்டது. நடுக் கண்மாயில் ஒரு வட்டம் அடித்தோம். பதினெட்டில் தண்ணீர் வரவில்லை, ஆவி வந்தது. எஞ்சினின் சத்தம் மாறியது எனக்கே கேட்டது.

அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இதுக்கு மேல ஓட்டினா பிஸ்டன் புடிச்சுக்கிரும் சார். அப்புறம் இந்த மோட்டாரே நமக்கு இல்லை. ஓட்டவா, நிப்பாட்டவா? நீங்கதான் சொல்லணும்.”

அவரே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால், இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும் என்று நான் கோப்பில் எழுத ஒரு இடுக்கு கிடைத்திருக்கும். அந்த இடுக்கை அவர் தெரிந்தேதான் மூடினார் என்று நினைக்கிறேன். பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் காது இரண்டும் என் பக்கம் இருந்தன.

“நிப்பாட்டுங்க” என்றேன்.

எனது முப்பத்து நான்கு வருட உத்தரவுகளில் நான் இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் உத்தரவு அது.

எஞ்சின் நின்றதும் கண்மாய் முழுக்க அமைதி. அவர் முகத்தில் வெற்றி இருக்குமென்று எதிர்பார்த்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

“மணி எம்புட்டு ஆச்சு சார்?”

“பத்தொன்பது நிமிடம்.”

“இருவத்தஞ்சுன்னு எழுதிருந்தேன். ஆறு நிமிசம் தப்பு.” சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, இருபத்தைந்தை அடித்துப் பத்தொன்பது என்று எழுதினார். “வெயிலைக் கணக்குல சேக்காம விட்டுட்டேன்.”

பாண்டிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “அண்ணே, செயிச்சது நீங்கண்ணே!”

“எங்கடா செயிச்சேன்? தப்பா எழுதிருக்கேன்ல.”

துடுப்புகள் இரண்டு இருந்தன. ஒன்றைப் பாண்டி எடுத்தான். இன்னொன்றை நான் எடுத்தேன். அவர் மோட்டார் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. கரை வரும்வரை அந்த ஆட்டுக்கார அம்மா அசையாமல் நின்றது.

“பெட்ரோல் போடாமப் போனீங்களாக்கும்?”

“இல்லம்மா, நான் போட்ட பட்டியல் தப்பு” என்றேன். அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிய வேண்டியிருந்தது.

அதோடு திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. கரையிலேயே மோட்டாரின் அடிப்பாகத்தைக் கழற்றி, கறுப்புக்கே உரிய தேய்ந்த பழைய பூவை மாட்டி, மறுபடி படகை இறக்கினார். “கெட்டதை மட்டும் சோதிச்சா எப்புடி? நல்லதையும் சோதிக்கணும்ல சார்.” நாற்பது நிமிடம் ஓட்டினோம். கடைசிவரை தண்ணீர் குளிர்ந்தே பீய்ச்சியது. முழு நேரமும் என் கைதான் அதற்குக் கீழே இருந்தது.

மறுநாள் மூன்று கடிதங்கள் எழுதினேன். பதினேழாவது வரிசை தவறு, அது என் தவறு, பட்டியலை நிறுத்தி வைக்கவும் என்று தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. ஐந்து இம்பெல்லர்களும் சோதனையை ஒட்டிக் கழிவில் சேர்க்கப்பட்டவை என்று கிடங்குக் கோப்புக்கு ஒன்று. இது முழு உண்மையல்ல. ஆனால் விதிகளை நன்றாகத் தெரிந்தவன் பொய் சொல்லாமலும் சுற்றிவரலாம். மூன்றாவது, விளக்கம் ஏற்கப்பட்டு மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று அவருக்கு. பதவி உயர்வு இரண்டு மாதம் தள்ளி வந்தது. எனக்கு வரவிருந்த பாராட்டுக் கடிதம் வரவேயில்லை. அதற்கென்று வீட்டுச் சுவரில் நான் அடித்து வைத்த ஆணியில் இப்போது காலண்டர் தொங்குகிறது.

பட்டியலை இருவரும் சேர்ந்து மறுபடி செய்தோம். நாற்பத்து மூன்று வரிசை முப்பத்தெட்டானது. கடைசியில் ‘இணைப்பு ஆ’ என்று அவருடைய அந்த இரண்டு பக்கமும் சேர்ந்தது. பொருந்துவது போல் தோன்றிப் பொருந்தாத பாகங்கள், காரணத்தோடு. அரசாங்கக் கோப்பில் அப்படியொரு இணைப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தயாரித்தவர் என்று அவர் பெயரைப் போட விரும்பினேன். பிட்டர் பெயரைப் போட விதியில் இடமில்லை. ஆனால் போடக் கூடாது என்றும் விதியில் இல்லை என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“பேரு வேணாம் சார். பேரு போட்டா, பெரிய அனுபவஸ்தன் சொல்லிருக்கான்னு மாட்டிப் பாக்காம நம்பிருவாங்க.”

பட்டியல் பெயரில்லாமலே மாநிலம் முழுக்கப் போனது. இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான். என் மறதி என்று யாரும் எண்ண வேண்டாம்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். போன மாதம், என் பழைய நாற்காலியில் இப்போது இருக்கும் அம்மையார் போன் செய்தார். கொஞ்சம் தயங்கித்தான் பேசினார்.

“சார், அந்த இணைப்பு ஆ... அதுல ஆறாவது வரிசை தப்புன்னு நினைக்கிறோம். நீலத்துக் காத்தாடி கறுப்புக்குச் சேராதுன்னு இருக்கு. இங்க மாட்டிப் பாத்தாங்க. கறுப்போட வாஷரை எடுத்துட்டு, சொட்டையோட மெல்லிசு வாஷரைப் போட்டா முழு ஓட்டையும் தெரியுது. பின்னு சுத்தமாப் போகுது. கண்மாயில ஒரு மணி நேரம் ஓட்டிட்டோம். கழண்டு விழல. யாரு தயாரிச்சதுன்னு தெரியல. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.”

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனே எழுமலைக்குப் போன் போட்டேன். எடுத்ததும், “சார், வணக்கம், சொல்லுங்க” என்றார். பின்னால் பேரப்பிள்ளை எதையோ கேட்டு அழும் சத்தம்.

“உங்க ஆறாவது வரிசை தப்பாம்” என்றேன். வாஷர் விஷயத்தைச் சொன்னேன்.

 கண்ணை மூடியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கட்டை விரல் காற்றில் ஒரு வாஷரைத் தடவிக்கொண்டிருந்திருக்கும்.

“ஆமா சார்” என்றார் கடைசியில். “வாஷரை மாத்திப் பாக்கணும்னு எனக்குத் தோணல. தப்புத்தான்.” பிறகு குரல் மாறியது. அந்தக் குரலை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. போர்மேன் உத்தரவு வந்த அன்றைக்கும் கேட்டதில்லை, மகள் கல்யாணத்தன்றைக்கும் கேட்டதில்லை. உள்ளே இருந்த யாரிடமோ, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“ஏத்தா, இங்க வா! நம்ம எழுதினதை மாட்டிப் பாத்திருக்காங்க!”